பதினைந்து ஜோடி செருப்பு

அத்தியாயம் 6

"பதினஞ்சு ஜோடியா?"

"பதினஞ்சுதாம்மா. நானே எண்ணி மூட்டை கட்டிக் குடுத்தேன்."

ஜமுனாமரத்தூர் வாரச்சந்தையில் தார்ப்பாய் விரித்துச் செருப்பு விற்றுக்கொண்டிருந்த சாகிப் பாய், ரேணுகாதேவி நீட்டிய போட்டோவை இன்னொரு முறை பார்த்துத் தலையாட்டினார். அது கல்பனாவின் போட்டோ. மலையடிவாரத்து ஷூ கம்பெனி ஒன்றில் நர்ஸ். பதினோரு நாளாக ஆளைக் காணவில்லை. மருந்தையும் முக்கியமான ஒரு ரிஜிஸ்டரையும் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று சொல்லி, அவளைத் தேடும் வேலையைக் கம்பெனி வேலூரில் இருந்த ரேணுகாதேவியின் துப்பறியும் அலுவலகத்திடம் கொடுத்திருந்தது.

"ஓடிப்போறவ ஒரு ஜோடி வாங்குவா. மிஞ்சிப் போனா ரெண்டு" என்றான் நசீர். ஆறு வருஷமாக ரேணுகாதேவியிடம் உதவியாளனாக இருக்கிறான். சொந்த ஊர் வாணியம்பாடி. வாய் மட்டும் எந்த ஊரிலும் அடங்காது. "பதினஞ்சுன்னா, மரவட்டை வூட்ல கல்யாணமா பாய்?"

"நீ வேற! ஆம்பள சைஸு, பொம்பள சைஸு எல்லாம் கலந்து எடுத்துச்சு அந்தப் பொண்ணு. ஆனா ஒண்ணு, அத்தினியும் பின்னாடி பட்டை வெச்சது. இந்த மலையில அத எவனும் சீண்ட மாட்டான். ரெண்டு வருஷமா மூட்டையிலயே கெடந்துச்சு."

"பட்டை வெச்சதுதான் வேணும்னு கேட்டாங்களா?"

"ஆமாம்மா. அதுலயும் பக்கிள் வேணாம், ஒட்டற பட்டைதான் வேணும்னுச்சு. ஒவ்வொண்ணா உள்ள கைய வுட்டுத் தடவிப் பார்த்துச்சு. ஆணி நீட்டிக்கினு இருக்கக் கூடாதாம், தையல் முனை குத்தக் கூடாதாம். நான் இன்னா செருப்புக்கு ஆணி அடிக்கறேனா, லாடம் அடிக்கறேனான்னு கேட்டுட்டேன்."

ரேணுகாதேவி குனிந்து, தார்ப்பாயில் குவிந்திருந்த சாதாரண ரப்பர் செருப்புகளைப் பார்த்தாள். மலை ஏறி இறங்குகிறவர்கள் போடுவது அதைத்தான்.

"சைஸ் எப்படிச் சொன்னாங்க? நம்பர் எழுதி வெச்சிருந்தாங்களா?"

"நம்பரா? காலையே கொண்டாந்துச்சும்மா!"

பாய் பின்னால் இருந்த சாக்கைத் துழாவி, சுருட்டிய தாள்களை எடுத்துப் போட்டார். மாதக் காலண்டர் தாள்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் பேனாவால் சுற்றி வரைந்த பாதம். உள்ளே பெயரின் முதல் எழுத்து மட்டும்.

நசீர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். "மேடம், இந்தத் தொழிலுக்கு வந்து ஆறு வருஷத்துல மொத தடவையா நெஜமான காலடித் தடம் கெடைச்சிருக்கு. பூதக்கண்ணாடி எடுத்துக்கினு வரட்டுமா?"

"வேணாம். திருப்பிப் பாரு."

திருப்பினான். முன்பக்கம் முருகன் படம். படத்துக்குக் கீழே மளிகைக் கடையின் பெயர். அதற்கும் கீழே, நெல்லிவாசல்நாடு.

"ஒரே கடை காலண்டர்ல இத்தனை தாள் கிழிக்கணும்னா, அந்தக் கடைக்குப் பக்கத்துலதான் இருக்கணும்" என்றாள் ரேணுகாதேவி.

"கால் காட்டிக் குடுக்கல. காலண்டர் காட்டிக் குடுத்துச்சு."

சந்தையின் ஓரத்துக்கு நகர்ந்து கம்பெனியின் மனிதவள மேலாளர் பாண்டுரங்கனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலில் சந்தோஷம் தெறித்தது.

"பிரமாதம் மேடம். போன தடவை மாதிரியே சுத்தமா முடிச்சிட்டீங்க. நெல்லிவாசல்ல அந்த மளிகைக் கடைக்குப் பக்கம்தானே? கார் எடுத்துட்டு இப்பவே கெளம்பறோம். நாங்க வர்ற வரைக்கும் ஆளை நகர விடாதீங்க. மருந்து போனாப் போவுது. ரிஜிஸ்டர்தான் முக்கியம்."

போனை வைத்த பிறகு, கடைசி வாக்கியம் மட்டும் அவள் காதில் நின்றது.

நெல்லிவாசலுக்குப் போகும் ஷேர் ஜீப்பில் ஏற்கெனவே பத்துப் பேர். சாமை மூட்டை இரண்டு, ஒரு பலாப்பழம், மூன்று கோழி. நசீர் பின்னால் தொங்கிக்கொண்டான்.

"மேடம், இறங்கும்போது கூப்பிடுங்க. எந்தக் கை என்னுதுன்னு தேடி எடுத்துக்கணும்."

ஜீப் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் யாரோ கத்தினார்கள்.

"அண்ணா, நிறுத்து! அருணா செருப்பு!"

டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. நிறுத்தி, இருபதடி பின்னால் எடுத்தார். நசீர் குதித்து, ரோட்டில் கிடந்த ஊதா நிற ரப்பர் செருப்பை எடுத்துவந்தான். ஜீப்பின் ஓரத்தில் கால் வெளியே தெரிய உட்கார்ந்திருந்த பெண் அதை வாங்கிக்கொண்டாள். முப்பது வயதுகூட இருக்காது.

"மன்னிச்சுக்கோங்கண்ணா. கழண்டதே தெரியல."

"பரவால்லம்மா. எனக்கெல்லாம் பஸ்ல பர்ஸ் போனாலே தெரியாது" என்றான் நசீர்.

ஜீப்பில் சிரித்தார்கள். ரேணுகாதேவி சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொள்ள அந்தப் பெண் குனிந்து, காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, விரலைக் கையால் பிடித்து வாருக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் காலுக்கு மாட்டிவிடுவதைப் போல இருந்தது.

"அருணா, செருப்பு கழண்டா காலுக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா. முட்டிக்குக் கீழ மரத்துப் போச்சு. நாலஞ்சு மாசமாவுது."

"எங்க வேலை செஞ்சீங்க?"

"கீழ ஷூ கம்பெனிலதான். பசை ஒட்டற செக்ஷன்ல. போன மாசம் கத்திரி பிடிக்கவே கை வரல, நின்னுட்டேன். எங்க பக்கத்துல நெறைய பேருக்கு இப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நர்ஸக்கா எங்களுக்கெல்லாம் பட்டை வெச்ச செருப்பு வாங்கியாந்திருக்காங்களாம். அத வாங்கத்தான் போறேன்."

பட்டை இருந்தால் செருப்பு கழலாது. ஒட்டும் பட்டை என்றால் பலமில்லாத விரலாலும் மாட்ட முடியும். ஆணி குத்தினால் இந்தக் கால்களுக்குத் தெரியாது, அதனால்தான் கல்பனா உள்ளே தடவிப் பார்த்திருக்கிறாள். மூன்று துப்பும் ஒரே நொடியில் கைகோத்துக்கொண்டன. வழக்கமாக இந்த இடத்தில் ரேணுகாதேவி நசீரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். இன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கல்பனாவைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மளிகைக் கடையைத் தாண்டி மூன்றாவது வீட்டின் முன்னால், புளி காயப்போட்டிருந்த களத்தில், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கல்பனா. ஒரு பெண்ணை நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். மூடிய மறுகணமே அந்தப் பெண் காற்றில் ஆடும் கம்பைப் போலச் சாய, கல்பனா இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். உட்கார வைத்து, கவை போன்ற ஓர் இரும்பைத் தட்டிக் கால் கட்டை விரலில் வைத்தாள்.

"அதிருதா?"

"இல்ல."

"இங்க?"

"முட்டில லேசா."

கல்பனா தடித்த ஒரு ரிஜிஸ்டரில் எழுதினாள். தலையை உயர்த்தியபோது ரேணுகாதேவியைப் பார்த்தாள். ஓடவில்லை, பதறவும் இல்லை.

"யாரையாவது அனுப்புவாங்கன்னு தெரியும். உங்களையே அனுப்புவாங்கன்னு நெனைக்கல."

"என்னைத் தெரியுமா?"

"கம்பெனில ஒரு தடவை பார்த்திருக்கேன். அதைவிட உங்க கையெழுத்தை நல்லாத் தெரியும்."

ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த இரண்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்து நீட்டினாள். மேலே ரேணுகாதேவியின் அலுவலக முத்திரை. பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. பொருள்: தொழிலாளி பூபாலனின் உடல்நலக் குறைவுக் கோரிக்கை குறித்த ரகசிய விசாரணை.

ரேணுகாதேவிக்கு அதைப் படிக்கத் தேவையில்லை. எழுதியது அவள்தான். இருந்தாலும் படித்தாள்.

'மேற்படி நபர் மாலை ஐந்து மணியளவில் மதுபோதையில் தள்ளாடியபடி நடந்து செல்வது நேரில் காணப்பட்டது. ஒரு காலில் செருப்பில்லை என்பதைக்கூட அவர் உணரவில்லை. உடல்நலக் குறைவு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.'

இரண்டாவது தாளில் போட்டோ. ஒல்லியான ஒரு மனிதன் பாதையில் நடந்துகொண்டிருக்கிறான். வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால். நான்கடி பின்னால், மண்ணில் அந்த இன்னொரு செருப்பு.

"அந்தப் போட்டோ நான் எடுத்தது" என்றான் நசீர். "செருப்பும் சேர்ந்து வரட்டும்னு பின்னாடி நகர்ந்து நின்னு எடுத்தேன் மேடம். ஆபீஸ்ல காட்டிச் சிரிச்சேன்."

"இவருதான் பூபாலன்" என்றாள் கல்பனா.

வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவர் எழ முயன்றார். ரேணுகாதேவி வேண்டாம் என்று கை காட்டினாள்.

"பசைல கலக்கற தின்னரோட ஆவி" என்றாள் கல்பனா. "ஜன்னல் இல்லாத செக்ஷன்ல நாள் பூரா அதை மூச்சுல இழுத்தா மொதல்ல கால் நரம்பு போகும், அப்புறம் கை. எனக்கும் ஒடனே புரியல மேடம். மொதல்ல வந்தவங்களுக்குச் சத்து மாத்திரை குடுத்து அனுப்பினேன், ஆறு மாசம். அந்தப் பாவம் என்னுது. பிறகுதான் எல்லாரும் ஒரே செக்ஷன்னு ரிஜிஸ்டர்ல பார்த்தேன். மாசம் ஒரு தடவை வர்ற டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் சோதனை சொல்லிக் குடுத்தார். இப்ப பார்த்தீங்களே, அது ஆளுக்கு ரெண்டு நிமிஷம். மாசா மாசம் செஞ்சோம். மூணு பேரை ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு தையல் செக்ஷனுக்கு மாத்தச் சொன்னோம். மாத்தினாங்க. மூணு பேரும் இன்னைக்கு நல்லா ஓடறாங்க, ஆடறாங்க."

"அப்புறம்?"

"பூபாலன் நாலாவது ஆள். அவருக்கு முத்திப் போயிருந்துச்சு. நஷ்ட ஈடு குடுக்கணும்னு டாக்டர் எழுதினார். கம்பெனி உங்களை அனுப்பிச்சு." கல்பனா குரலை உயர்த்தவே இல்லை. "உங்க ரிப்போர்ட் வந்த எட்டாம் நாள் சுகாதார அறையை இழுத்துப் பூட்டினாங்க. நர்ஸும் டாக்டரும் சேர்ந்து நடிக்கச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு காரணம். டாக்டரை வர வேணாம்னுட்டாங்க. என்னை கேட்ல வருகை எழுத வெச்சாங்க. காலையில உள்ள போறவங்க நடையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மாசத்துக்கு மாசம் நடை மாறிச்சு. பூபாலனுக்காவது வேலை போனதால பசையை விட்டு வெளியே வந்தார், இப்ப கொஞ்சம் தேறியிருக்கார். உள்ள இருந்தவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. இங்க ஒக்காந்திருக்காங்களே, இவங்க."

ரேணுகாதேவி திரும்பிக் களத்தைப் பார்த்தாள். அருணா புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டையை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"பழைய ரிஜிஸ்டரை எரிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்ப எடுத்துக்கிட்டு வந்துட்டேன். திருட்டுதான், மறுக்கல. இது இல்லன்னா யாருக்கும் எப்பவும் ஒண்ணுமே ஆகலன்னு ஆயிடும்."

"கல்பனா." ரேணுகாதேவி அவள் பக்கம் திரும்பினாள். "அவங்க வந்துட்டு இருக்காங்க. நீங்க இருக்கற இடத்தை நான்தான் சொன்னேன். ரெண்டு மணி நேரம் ஆகுது."

"நான் ஓட மாட்டேன்" என்றாள் கல்பனா. "இவங்களால ஓட முடியாது. நான் மட்டும் எங்க போறது?"

"நசீர்! இந்த ஊர்ல சிக்னல் எங்க கிடைக்கும்?"

"கோயிலுக்கு மேல ஒரு பாறை இருக்குண்ணா" என்று அருணா கை காட்டினாள். "அங்கதான் எல்லாரும் பேசுவாங்க."

"ஒரு பக்கம் விடாம போட்டோ எடு. நம்ம ரிப்போர்ட்டையும் சேர்த்து எடு. தொழிற்சாலை ஆய்வாளர் ஒருத்தங்களை எனக்குத் தெரியும், நம்பர் தர்றேன். எல்லாத்தையும் அனுப்பிட்டு, போன்லயும் பேசு. எங்களால வந்த வினைன்னு சொல்லு."

நசீர் ரிஜிஸ்டரை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாக எடுத்தான். ஒரு ஜோக்கும் வரவில்லை. முடித்ததும் பாறையை நோக்கி ஓடினான். ஆறு வருஷத்தில் அவன் ஓடி ரேணுகாதேவி பார்த்ததில்லை.

அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு களத்து ஓரமாக உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது கார் வந்து நின்றது.

பாண்டுரங்கன் இறங்கினார். கூட இரண்டு பேர். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா மேடம், ஊரையே கூட்டி வெச்சிருக்கீங்க? ரிஜிஸ்டர் எங்க?"

"இதோ. உங்க கம்பெனிப் பொருள், எடுத்துக்கோங்க." ரேணுகாதேவியே எடுத்துக் கொடுத்தாள். கல்பனாவின் கண் விரிந்தது. "கூடவே இதையும்."

பாண்டுரங்கன் அந்தத் தாளைப் படித்தார். பூபாலன் பற்றித் தான் கொடுத்த அறிக்கை தவறு, அவர் குடித்திருந்தாரா என்று தான் விசாரிக்கவே இல்லை, எனவே அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தது.

அவர் சிரித்தார். "இத வெச்சுக்கினு இன்னா பண்றது? பஜ்ஜி மடிக்கவா? வாபஸ் வாங்கினா ஒங்க பொழப்புதான் போவும் மேடம். எங்க ஃபைல்ல ஒங்க பழைய ரிப்போர்ட் பத்திரமா இருக்கு. இனிமே இது ஒண்ணும்..."

"இருக்கட்டும். ரெண்டையும் ஒரே ஃபைல்ல வைங்க."

அவர் காரில் ஏறிய சமயம், நசீர் பாறைப் பக்கமிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்தான். ரேணுகாதேவியைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையசைத்தான்.

கார் கோயிலுக்குப் பக்கத்து மேட்டைத் தொட்டதும் நின்றது. ஜன்னல் வழியே பாண்டுரங்கன் போனைக் காதில் வைத்திருப்பது தெரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்துக் கார் பின்னாலேயே வந்தது. இறங்கி வந்த மனிதருக்குச் சிரிப்பு எங்கோ போயிருந்தது.

"ஆய்வாளர் முதலாளிக்குப் போன் பண்ணியிருக்காங்க. ரிஜிஸ்டர் போட்டோ எல்லாம் அவங்க கையில இருக்காம். நாளைக்குக் காலைல வர்றாங்களாம். பசை செக்ஷன்ல ஒரு டப்பாவைக்கூட நகர்த்தக் கூடாதாம்." ரிஜிஸ்டரை ரேணுகாதேவி கையில் கொடுத்தார். "இதையும் நர்ஸையும் பத்திரமா நீங்களே கூட்டிக்கினு வரச் சொல்றாரு முதலாளி. எதுவும் தொலைஞ்சா நான்தான் பொறுப்பாம்."

"நர்ஸ் எங்க கூட வருவாங்க" என்றாள் ரேணுகாதேவி. "ரிஜிஸ்டரும்."

பாண்டுரங்கன் காருக்குத் திரும்பினார். போகும்போது களத்தில் இருந்தவர்களின் கால்களைப் பார்க்காமலே போக முயன்றார். முடியவில்லை.

அருணா கை தட்டினாள். இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். ரேணுகாதேவிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. பூபாலனிடம் போய் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஐயா, என்னை..."

"நானே ஒரு நாளு நம்பிட்டம்மா" என்றார் பூபாலன். "கம்பெனில அந்தப் போட்டோவக் காட்டி, குடிகாரன்னு சொன்னாங்க. நான் தொட்டதே கெடையாது. ஆனா கால் நெசமாவே தள்ளாடுது. எவனாவது நம்மளுக்குத் தெரியாம டீயில எதையாவது கலந்து குடுத்துட்டானோன்னு, டீ குடிக்கறதையே வுட்டுட்டேன்."

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி திரௌபதி இறங்கி வந்தாள்.

"இவரு சொன்னாரு, குடிக்கலன்னு. சாமி மேல சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. வேலூர்ல இருந்து வந்து பார்த்து எழுதியிருக்காங்க, படிச்சவங்க பொய் சொல்வாங்களான்னு கேட்டேன். நாலு மாசம் எங்கம்மா வூட்ல போய் ஒக்காந்துக்கினேன். இவரு ஒண்டியா, அடுப்புக்கிட்ட போக முடியாம, கெழங்கப் பச்சையாத் துன்னுக்கினு கெடந்தாரு."

"மன்னிச்சிடுங்கம்மா. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே..."

"எங்கிட்ட கேக்காதீங்க. நானே இன்னும் இவருகிட்ட கேக்கல." திரௌபதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சத்தம் கேட்டுச் சுற்றி வந்து நின்ற ஊர்க்காரர்களைக் காட்டினாள். "அவங்ககிட்ட சொல்லுங்க. எழுதினது தாள்ல. பேரு கெட்டது இங்க."

ரேணுகாதேவி எழுந்தாள். கோர்ட்டில் பலமுறை சாட்சி சொன்னவள். இங்கே குரல் மேலெழவில்லை.

"பூபாலன் குடிக்கல. அது நோய். நான் விசாரிக்காம எழுதிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர் காதில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "இன்னா சொல்றாங்கோ?"

"பூபாலன் குடிக்கல!" ரேணுகாதேவி கத்தினாள். "நான் எழுதினது பொய்!"

பூபாலன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. திரௌபதி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய மரத்துப்போன பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டீ போடறேன்" என்றாள். "குடிக்கிறியா?"